"இது ஸ்டார் ட்ரெக்கே இல்லை": சண்டை எங்கிருந்து வருகிறது, எப்படித் தீர்ப்பது

கேள்வி இதுதான். நாகர்கோவிலில் ஒரு வீட்டு மாடியில் மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடர்களைப் பார்க்கிறார்கள். பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள், முதல் தொடரின் கேப்டன் கிர்க்கையும் அவருடைய துணை ஸ்பாக்கையும் அந்தக் காலத்துத் தொலைக்காட்சியிலேயே பார்த்து ஓர்மை வைத்திருப்பவர்கள். மீதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகள். டிஸ்கவரி தொடரின் முதல் எபிசோடு முடிந்ததும் பெரியவர்கள் "இது ஸ்டார் ட்ரெக்கே இல்லை" என்று எழுந்துவிட்டார்கள். பிள்ளைகள் "பழசையே கட்டிக்கொண்டு அழுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்தை நடத்தும் டீச்சர் கேட்கிறார்: தொனி மாறினால் ரசிகர்களுக்கு ஏன் இத்தனை கோபம்? எந்த வரிசையில் போட்டால் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

டீச்சர், உங்கள் மாடியில் நடந்த சண்டைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. முதல் தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கி, 79 எபிசோடுகளோடு 1969 ஜூன் 3 அன்று முடிந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பத்து வருடம் கழித்து, 1979 டிசம்பரில் முதல் திரைப்படம் வந்தது. ராபர்ட் வைஸ் இயக்கினார். தொலைக்காட்சியில் சிவப்பும் நீலமும் பொன்னிறமுமாக இருந்த சட்டைகள் படத்தில் சாம்பலும் வெளிர்பழுப்புமாகிவிட்டன. பணிமனையில் நிற்கும் கப்பலைச் சுற்றிக் காட்டுவதற்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்குப் பக்கமாக எடுத்துக்கொண்டார்கள். ஸ்பாக்கும் கப்பலின் மருத்துவர் மெக்காயும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வது குறைந்தது. நம்ம ஸ்டார் ட்ரெக் இல்லை என்ற பேச்சு அங்கேயே எழுந்துவிட்டது.

1982 ஜூனில் நிக்கோலஸ் மேயர் இயக்கிய 'தி ராத் ஆஃப் கான்' வந்தபோது குறை மறுபக்கத்திலிருந்து வந்தது. தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரியே, இது இராணுவ வாடை அடிக்கிறது என்று எதிர்த்தார். படத்தில் ஸ்பாக் சாகப்போகிறார் என்ற செய்தி முன்கூட்டியே கசிந்து ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். படக்குழு அதைக் கையாண்ட விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஒரு போர்ப் பயிற்சியில் ஸ்பாக் அடிபட்டு விழுகிறார். பயிற்சி முடிந்து எழுந்து வெளியே வருகிறவரைப் பார்த்து, நீ செத்துப்போகவில்லையா என்று கிர்க் கேட்கிறார். வதந்தியைக் கேட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள், அவ்வளவுதானா என்று சிரித்து இளகிவிடுவார்கள். உண்மையான சாவு கடைசியில் வருகிறது. இன்று அநேக ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் படம் இதுதான்.

1987இல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வந்தபோது, கிர்க் இல்லாமல் ஸ்டார் ட்ரெக்கா என்றார்கள். 1993இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' வந்தபோது, கப்பலே இல்லை, ஓரிடத்தில் நிற்கும் நிலையம், யாரும் எங்கேயும் போவதில்லை, எல்லாம் ஒரே இருட்டு என்றார்கள். 2001இல் 'என்டர்பிரைஸ்' தொடரின் தலைப்பிசைக்குப் பதிலாக ஒரு பாட்டை வைத்ததற்கு எதிராகக் கையெழுத்து வாங்கினார்கள். பெரியவர்கள் "பழைய ஸ்டார் ட்ரெக்" என்று மடியில் கட்டிக் காப்பவற்றில் பாதி, வந்த நாளில் ஏச்சு வாங்கியவை. ஆனால் எல்லா மாற்றமும் நாளடைவில் சரியாகிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. சிலவற்றை ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சிலவற்றை இன்றுவரை ஏற்கவில்லை. எதை ஏற்றார்கள், எதை ஏற்கவில்லை என்பதைப் பார்த்தால்தான் சங்கதி பிடிபடும்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வில்லுப்பாட்டே போதும். கோயில் கொடையில் இரவெல்லாம் ஒரே கதை ஓடும். புலவர் ஒரு நேரம் பக்கத்தில் ஆமா போடுகிறவரோடு கேலி பேசுவார். ஒரு நேரம் கதைநாயகன் வெட்டுப்பட்டுச் சாக, கேட்கிற பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். தொனி மாறிவிட்டது என்று யாரும் எழுந்து போவதில்லை. காப்பில் தொடங்கி வாழியில் முடிகிற முறை அப்படியே இருக்கிறது. தோல்பாவைக்கூத்தில் இராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போனாலும் கதை கெடுவதில்லை. முறை நின்றால் தொனி எத்தனை மாறினாலும் தாங்கும்.

ஸ்டார் ட்ரெக்குக்கும் ஒரு முறை உண்டு. கேப்டனின் நாட்குறிப்போடு கதை தொடங்குகிறது. விளங்காத ஒன்று எதிரே வருகிறது. கப்பலின் முக்கிய ஆட்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். மருத்துவர் மருத்துவராகப் பேசுகிறார், பொறியாளர் பொறியாளராகப் பேசுகிறார், யாராவது ஒருவர் மறுத்துப் பேசுகிறார். கேப்டன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முடிவெடுக்கிறார். முடிவு தவறாகப் போனால் பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' பார்த்தவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே விண்மீன்கள் ஓடும் அந்த ஆலோசனை அறை கண்ணுக்குள்ளேயே நிற்கும். தொனி மாறிவிட்டது என்று ரசிகர் குறைசொல்லும்போது பெரும்பாலும் அவர் தேடுவது அந்த மேசையைத்தான்.

இதற்குச் சரியான சோதனை 'இன் தி பேல் மூன்லைட்'. 'டீப் ஸ்பேஸ் நைன்' ஆறாவது சீசனின் 19வது எபிசோடு, 1998 ஏப்ரலில் ஒளிபரப்பானது. ஸ்டார் ட்ரெக்கில் இதைவிட இருண்ட 45 நிமிடம் அதிகம் இல்லை. போரில் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். நடுநிலையாக நிற்கும் ரோமுலன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தைத் தங்கள் பக்கம் இழுக்க, நிலையத்தின் கேப்டன் சிஸ்கோ பொய்ச் சான்று தயாரிக்கச் சம்மதிக்கிறார். லஞ்சம், ஏமாற்று என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறார். கடைசியில் காரக் என்ற பழைய உளவாளி, சிஸ்கோவுக்குச் சொல்லாமலே, ஒரு ரோமுலன் செனட்டரின் விண்கலத்தை வெடிக்க வைத்துக் காரியத்தை முடிக்கிறார். இத்தனையும் சிஸ்கோ தன் அறையில் தனியே உட்கார்ந்து, நாட்குறிப்பாக, நம் முகத்தைப் பார்த்துச் சொல்வதுபோல எடுக்கப்பட்டிருக்கிறது. சீருடையோடு பேச ஆரம்பிக்கிறவர் பேசப்பேச அதைக் களைந்துவிடுகிறார். கையில் கண்ணாடிக் குவளை. இந்தக் குற்ற உணர்ச்சியோடு என்னால் வாழ முடியும் என்கிறார். பிறகு அதையே இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கிறார். பிறகு பதிவு முழுவதையும் அழித்துவிடச் சொல்கிறார் கணினியிடம். சுற்றி யாரும் இல்லாததால் நாமே அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறோம். பழைய ரசிகர்களில் மிகப் பலர் இதை ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் காரணம். தன் படையின் சட்டம் சரி, தான் செய்தது தவறு என்பது சிஸ்கோவுக்குத் தெரியும். அதை மறைக்காமல் நம்மிடம் சொல்லவும் செய்கிறார்.

இனி டிஸ்கவரி. 2017 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. முதல் இரண்டு எபிசோடுகளுக்குள் நாயகி பர்னம் தன் கேப்டனின் பேச்சை மீறிக் கலகம் செய்கிறாள், போர் மூள்கிறது, அந்த நல்ல கேப்டன் செத்தும் போகிறார். பிறகு வரும் கேப்டன் லோர்கா ஆட்களின் யோசனை கேட்கிறவரே இல்லை. அவர் யார் என்பது பல வாரம் கழித்துத் தெரிகிறது. சீசனின் கடைசியில், பூமியும் பல கிரகங்களும் சேர்ந்த கூட்டமைப்பின் தலைமையே எதிரியின் கிரகத்தை அழிக்கும் திட்டத்துக்குத் தலையாட்ட, பர்னம் எதிர்த்து நின்று தடுக்கிறாள். கவனியுங்கள், மேசை திரும்பி வருகிறது. ஆனால் 15வது எபிசோடில், 2018 பிப்ரவரியில். பழைய தொடரில் 50 நிமிடத்தில் கிடைத்த ஆறுதலுக்கு இங்கே நாலரை மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் பெரியவர்கள் முதல் எபிசோடோடு எழுந்தவர்கள். அது நடுவில் அறுத்து நிறுத்தப்பட்ட எபிசோடு. கலகம் நடந்த கையோடு முடிந்துவிடும். வில்லுப்பாட்டில் வெட்டுப்பட்ட இடத்தில் வில்லை இறக்கி வைத்துவிட்டுப் போனால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

டிஸ்கவரிக்கு இரண்டு வாரம் முன்பு தொடங்கிய 'தி ஆர்வில்' என்ற நகைச்சுவைத் தொடருக்கு ஸ்டார் ட்ரெக் என்ற பெயரே கிடையாது. இருந்தும் பழைய ரசிகர்கள் பலர் அங்கே போய் உட்கார்ந்தார்கள். வெளிச்சமான அறை, மேசை, ஒரு எபிசோடில் முடியும் கதை, மூன்றும் அங்கே இருந்தன. 2020இல் 'லோயர் டெக்ஸ்' கார்ட்டூனாக, அதுவும் கேலியாக வரப்போகிறது என்றதும் பயந்தவர்கள் அநேகர். அது ஐந்து சீசன், 50 எபிசோடு ஓடி நல்ல பெயரோடு முடிந்தது. அதில் கேலிக்கு ஆளாவது பழக்கவழக்கங்கள்தான். கப்பலில் வேலை செய்வது பெருமை என்பதைக் கதாபாத்திரங்கள் ஒரு நிமிடமும் சந்தேகிப்பதில்லை. மாறாக 2025 ஜனவரியில் வந்த 'செக்ஷன் 31' திரைப்படத்தில் எதிர்த்துப் பேசும் மேசை இல்லை. சட்டத்துக்கு வெளியே இயங்கும் இரகசியக் குழு மட்டும் தனியே நிற்கிறது. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் அந்தக் குழு சுவையாக இருந்தது டாக்டர் பஷீர் அதை எதிர்த்ததால். எதிர்க்க ஆளில்லாமல் எடுத்தபோது படம் பலத்த ஏச்சு வாங்கியது. நகைச்சுவை பிழைத்தது, இருட்டு பிழைத்தது, மேசை இல்லாதது மட்டும் பிழைக்கவில்லை.

இன்னொரு காரணம் வெறும் கணக்கு; இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஏழு சீசனில் 178 எபிசோடு, பெரும்பாலான சீசனுக்கு 26. 'டீப் ஸ்பேஸ் நைன்' 176. ஏழாவது சீசனில் நான்காவது எபிசோடு முழுக்கப் பேஸ்பால் விளையாட்டு, சிரிப்பு. எட்டாவது எபிசோடில் கால் இழந்த வீரன், சாவு. நடுவே மூன்று வாரம் இருந்தது, மூச்சுவிட நேரம் இருந்தது. ஒரு நகைச்சுவை எபிசோடு பிடிக்காவிட்டால் 26இல் ஒன்று போயிற்று என்று விடலாம். புதிய தொடரான 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' சீசனுக்கு 10 தான். அதன் இரண்டாவது சீசனில் ஏழாவது எபிசோடு 'லோயர் டெக்ஸ்' ஆட்கள் வந்து கலகலப்பாக்குவது. எட்டாவது போரின் காயம் ஆறாத மருத்துவரின் கதை. ஒன்பதாவது எல்லோரும் பாட்டுப் பாடுவது. மூன்று வாரத்தில் மூன்று உலகம். பாட்டு எபிசோடு பிடிக்காதவருக்கு வருடத்தின் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அடுத்த சீசனுக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. இழப்பு பெரிதானால் சத்தமும் பெரிதாகும்.

பிள்ளைகள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பது பழைய தொடரின் சிறந்த இருபது எபிசோடுகள். மூன்றாவது சீசன் ஸ்பாக்கின் மூளையைத் திருடிக்கொண்டு போகும் கதையோடு தொடங்கியது என்பதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. 1969இன் கடைசி எபிசோடு, கப்பல் கேப்டன்களின் உலகத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்ற வார்த்தையை ஒரு பெண்ணின் வாயாலேயே சொல்ல வைத்தது. டிஸ்கவரி மீது வந்த ஏச்சில் ஒரு பகுதிக்குத் தொனியோடு எந்தத் தொடர்பும் இல்லை. கறுப்பினப் பெண் ஒருத்தி நடுவில் நிற்பது பிடிக்காதவர்கள் தொனி என்ற சொல்லைக் குடையாகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டையும் பிரிக்க ஒரு வழி உண்டு. குறை சொல்கிறவரிடம் எந்தக் காட்சி என்று கேளுங்கள். உண்மையாகவே தொனி உறுத்தியவர் காட்சியைச் சொல்வார், அதில் யார் என்ன செய்திருக்க வேண்டும் என்றும் சொல்வார். மற்றவர் ஆளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

இனி வரிசை. ஒளிபரப்பான தேதி வரிசையில் போடாதீர்கள். கூட்டத்துக்கு அது ஆகாது. ஒரே சரக்கைப் பழைய தொனியிலும் புதிய தொனியிலும் ஒரே மாலையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

முதல் மாலைக்கு 1966 டிசம்பரில் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்', முதல் சீசன், ஒளிபரப்பு வரிசையில் 14வது. அடுத்து 2022இல் வந்த 'எ குவாலிட்டி ஆஃப் மெர்சி', 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' முதல் சீசனின் 10வது. இரண்டும் ஒரே சம்பவம். எல்லை தாண்டி வந்து காவல் நிலையங்களை அழிக்கும் ரோமுலன் கப்பல், நடுவில் அறுந்துபோகும் திருமணம். 1966இல் கேப்டன் கிர்க். 2022இல், தன் தலைவிதியை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க வந்த பைக், கிர்க்குக்கு முன் அதே கப்பலின் கேப்டன். பழையதில் நீர்மூழ்கிக் கப்பல் படங்களின் வேகம் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள், கேமரா அதிகம் அசையாது, ரோமுலன்களும் ஸ்பாக்கின் இனமான வல்கன்களும் ஒரே சாயல் என்று தெரிந்ததும் ஸ்பாக் மீது ஒருவன் சந்தேகத்தைக் கொட்ட, கிர்க் அங்கேயே அடக்குகிறார். கடைசிக் காட்சியில் மணமகன் செத்துப்போயிருக்கிறான். கிர்க் சிற்றாலயத்தில் மணப்பெண்ணிடம் இரண்டொரு வார்த்தை பேசிவிட்டு நடைபாதையில் தனியே நடக்கிறார். பழைய தொடர் எப்போதும் வெளிச்சமும் சிரிப்பும்தான் என்று நம்புகிறவர்கள் இந்த முடிவைப் பார்க்க வேண்டும். புதியதில் பைக் எல்லோரையும் கேட்கிறார், நிதானமாக, நல்ல எண்ணத்தோடு முடிவெடுக்கிறார்; அதனாலேயே பெரும் போர் மூள்கிறது. மேசை இரண்டிலும் இருக்கிறது என்பதை யாராவது ஒருவர் தானாகவே கண்டுபிடிப்பார். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது மாலைக்குக் காலச்சுழல். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' ஐந்தாவது சீசனின் 18வது 'காஸ் அண்ட் எஃபெக்ட்'. தலைப்பு வருவதற்கு முன்பே கப்பல் வெடித்துச் சிதறிவிடும், பிறகு அதே நாள் திரும்பத் திரும்ப வரும். கூடவே டிஸ்கவரி முதல் சீசனின் ஏழாவது, 'மேஜிக் டு மேக் தி சேனஸ்ட் மேன் கோ மேட்'. டிஸ்கவரியைத் தொடக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்கும் விளங்கும், ஒரே எபிசோடில் முடியும். முன்னதில் சீட்டாட்ட மேசையில் மெல்ல மெல்லச் சந்தேகம் எழுகிறது. பின்னதில் இரைச்சலான விருந்து, மட் என்ற பழைய வில்லன், கேப்டனைத் திரும்பத் திரும்பக் கொல்வது. டிஸ்கவரி மேல் பெரியவர்களுக்கு உள்ள கசப்பு குறைவதாக இருந்தால் இந்த எபிசோடில்தான் குறையும்.

மூன்றாவது மாலை நீதிமன்றம். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இரண்டாவது சீசன் ஒன்பதாவது 'தி மெஷர் ஆஃப் எ மேன்', பிறகு 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' இரண்டாவது சீசன் இரண்டாவது 'ஆட் அஸ்ட்ரா பெர் அஸ்பெரா'. முன்னதற்குப் ப்ளூ-ரேயில் நீண்ட வடிவம் ஒன்றும் உண்டு. முதல் தடவைக்கு ஒளிபரப்பான வடிவமே போதும்.

நான்காவது மாலை சிரிப்புக்கு. 1967இன் 'தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்', பிறகு 1996இல் முப்பதாம் ஆண்டுக்காக எடுத்த 'டிரயல்ஸ் அண்ட் டிரிபிளேஷன்ஸ்'. பின்னதில் 'டீப் ஸ்பேஸ் நைன்' ஆட்களைப் பழைய எபிசோடின் காட்சிகளுக்குள்ளேயே கணினியால் புகுத்தியிருப்பார்கள். வரிசையை மாற்றினால் பாதிச் சிரிப்பு விளங்காமல் போகும்.

ஐந்தாவது மாலை 'இன் தி பேல் மூன்லைட்' மட்டும் போதும், வேறொன்றும் வேண்டாம். தொடங்குமுன் சொல்ல வேண்டியது மூன்றே செய்தி: டொமினியன் என்ற எதிரி அரசோடு போர் நடக்கிறது, கூட்டமைப்பு தோற்றுக்கொண்டிருக்கிறது, ரோமுலன்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். காரக் யார் என்று கேட்டால், தையல்காரராக இருக்கும் பழைய உளவாளி என்று சொன்னால் போதும்.

ஒவ்வொரு மாலையும் முடிந்தபின் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்; அந்தக் கேள்விதான் கட்சி கட்டவைக்கும். முடிவை யார் எடுத்தார், எடுக்குமுன் யாரைக் கேட்டார், தவறாகப் போனதை யார் ஏற்றுக்கொண்டார் என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். பிடித்தது பிடிக்காதது தானாக வந்து சேரும், காட்சியைக் காட்டிப் பேசுகிற பேச்சாக வரும்.

இருட்டு பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிஸ்கவரி இருட்டாக இருக்கிறது என்ற குறையில் ஒரு பங்கு உங்கள் புரொஜெக்டருடையதாக இருக்கலாம். பழைய தொடர்களில் மேலிருந்து பரவலான விளக்கு, வெளிர்நிறச் சுவர், கம்பளம். படம் மங்கினாலும் முகம் தெரியும். புதியவை நல்ல டிவியில் பார்ப்பதற்காக, ஹெச்டிஆர் என்ற அதிக ஒளி வீச்சுக்காகச் செப்பனிடப்பட்டவை. சாதாரண புரொஜெக்டருக்கு ஹெச்டிஆர் படத்தை அனுப்பினால் நிழல் பகுதி முழுவதும் கரியாகிவிடும். படம் வரும் பெட்டியின் அமைப்பில் ஹெச்டிஆரை அணைத்துச் சாதாரண எஸ்டிஆருக்கு மாற்றுங்கள். இது நல்ல டிவியிலும் சிலரை உறுத்திய விஷயம். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கேப்டனின் பிற்காலத்தைச் சொல்லும் 'பிக்கார்ட்' தொடரின் மூன்றாவது சீசனில், கப்பலை இயக்கும் மேடை இருட்டாக இருக்கிறது என்று ரசிகர்கள் குறைபட்டார்கள். அதே சீசனில் பழைய என்டர்பிரைஸ் மேடைக்குத் திரும்பும் பிக்கார்ட், தனக்குக் குறையாகப் பட்டது கம்பளம் என்று சொல்வார். அது பெரியவர்களின் மனத்தில் உள்ளதை அப்படியே சொன்ன இடம்.

திரையின் அளவுக்கும் கணக்கு உண்டு. 100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். முழு இருட்டறையில் அதற்குத் திரையரங்கு அளவு வெளிச்சம் கிடைக்க உண்மையான 500 லூமன் (ஒளியின் அளவு) வேண்டும். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஆன்சி லூமன் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அது 200 என்றால் படத்தை 65 அங்குலத்துக்குச் சுருக்குங்கள், அதே வெளிச்சம் கிடைத்துவிடும். டிஸ்கவரி முதல் சீசன் வழக்கத்தைவிட அகலமான 2:1 வடிவம், இரண்டாவது சீசன் முதல் இன்னும் அகலம். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது பழுதல்ல. பழைய தொடர்கள் 4:3. பக்கங்களில் பட்டை வரும். பட்டையை மறைக்க இழுத்து நிரப்பினால் ஸ்பாக்கின் முகம் பூசணிக்காயாகிவிடும்.

முதல் தொடரும் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரும் பிலிமிலிருந்து புதுப்பிக்கப்பட்டவை, பெரிய திரையில் தெளிவாக இருக்கும். 'டீப் ஸ்பேஸ் நைன்' அப்படிப் புதுப்பிக்கப்படவில்லை, பெரிதாக்கினால் குழையும். பிள்ளைகள் அதைப் பழசு என்று ஒதுக்குவதற்கு அந்தக் குழைவும் ஒரு காரணம். அந்த மாலை திரையைச் சுருக்குங்கள், கூர்மை அமைப்பைக் குறையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் எல்லாத் தொடருக்கும் அணைத்துவிடுங்கள். அது எதையும் சீரியல்போலக் காட்டும்.

ஒலியில், பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 தேர்வை விட்டு ஸ்டீரியோ வையுங்கள். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் உள்ள இடத்தில் 5.1 போட்டால் பேச்சு அமுங்கி வெடிச்சத்தம் மட்டும் மேலே வரும். டிஸ்கவரியில் எதிரி இனமான கிளிங்கான்கள் தங்கள் மொழியிலேயே நீளமாகப் பேசுவார்கள், சப்டைட்டில் கட்டாயம். மாடிக்குத் தகரக் கூரை என்றால் ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் பேச்சுக் கேட்காது. 'இன் தி பேல் மூன்லைட்' முழுவதும் பேச்சு, அதனால் அதை மழையில்லாத மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். ஜூன் மாதம் உங்கள் பக்கம் ஆறே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். மேற்கு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடுங்கள், அல்லது ஏழு மணிக்குத் தொடங்குங்கள்.

ஆறாவது மாலைக்கு டிஸ்கவரியின் முதல் எபிசோடு. இந்தத் தடவை 'தி வல்கன் ஹலோ' முடிந்ததும் விளக்கைப் போடாமல் இரண்டாவதான 'பேட்டில் அட் தி பைனரி ஸ்டார்ஸ்' எபிசோடையும் ஓட்டுங்கள். அமெரிக்காவில் இரண்டும் ஒரே நாள் வெளியானவை. முதலாவது மட்டும் சாதாரணத் தொலைக்காட்சியில் வந்தது, இரண்டாவதைப் பார்க்கக் கட்டணச் சேவைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கேயும் பாதியில் எழுந்தவர்கள் இருந்தார்கள். சுக்குக் காப்பியை இரண்டுக்கும் நடுவில் கொடுக்காதீர்கள். முடிந்தபிறகு கொடுங்கள், கலகம் செய்த பர்னம் என்ன தண்டனையை வாய்திறந்து ஏற்றுக்கொள்கிறாள் என்பதைப் பார்த்தபிறகு.